வேலிக்குள் மறையும் பறவைகளும் நிக்கான் கூல்பிக்ஸ் பி950 கேமராவும்

வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளில் நம் கண்ணில் படுபவை பாதிதான். காகமும் மைனாவும் தவிட்டுக்குருவியும் நம்மைப் பொருட்படுத்தாமல் முற்றத்திலேயே இரை தேடும். மறுபாதி மருதாணி வேலியின் உட்புறத்திலும், வாழையடி நிழலிலும், உதிர்ந்து கிடக்கும் மாவிலைகளின் நடுவிலும் வாழ்கிறது. கதவைத் திறக்கும் ஓசை கேட்டாலே அது போய்விடும். அங்கே ஏதோ இருந்தது என்பதற்கு ஆடும் கிளை ஒன்றுதான் சாட்சி. அந்த மறுபாதியைக் கண்டுபிடித்துப் படம் எடுப்பதற்காகவே நான் நிக்கான் கூல்பிக்ஸ் பி950 கேமராவை வாங்கினேன். கோயம்புத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு நடுத்தரத் தோட்டத்தில், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கோடையிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நிலாவின் பள்ளங்களைப் படம் எடுக்க இந்தக் கேமரா எப்படி என்று அறிய விரும்புபவர்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது. கூச்சமுள்ள தோட்டப் பறவைகளுக்கு இது எவ்வளவு தூரம் துணைநிற்கிறது என்பது மட்டுமே இங்கு பேச்சு.

முதலில் கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015இல் வெளிவந்த பி900இன் அடுத்த வடிவமாக 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பி950 அறிமுகமானது. லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது, 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரையிலான குவியத் தொலைவுக்கு (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) ஈடான 83 மடங்கு ஆப்டிகல் ஜூம் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பேட்டரி, மெமரி கார்டு ஆகியவற்றோடு சேர்த்து எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். இதே வரிசையில் 2018இல் வந்த பி1000, 3000 மி.மீ. வரை எட்டக்கூடியது, ஆனால் அதன் எடை 1.4 கிலோவுக்கும் மேல். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் காத்திருக்கும் வேலைக்கு அந்த 400 கிராம் வேறுபாடு பெரிதென்று எண்ணியே நான் பி950ஐத் தேர்ந்தெடுத்தேன். தோட்டத்துக்கு 2000 மி.மீ.யே தேவைக்கு அதிகம் என்பது பயன்படுத்தத் தொடங்கிய பிறகு இன்னும் தெளிவாயிற்று.

அதைக் கணக்காகவே சொல்லலாம். முழு ஜூமில், ஆறு மீட்டர் தொலைவில், படத்தின் சட்டகத்துக்குள் அகலவாக்கில் ஏறத்தாழ 10 செ.மீ. இடம்தான் அடங்கும். தையல்சிட்டின் நீளமோ வாலோடு சேர்த்து 13 செ.மீ. அந்தச் சின்னஞ்சிறு பறவைகூட முழுதாக உள்ளே வராது. தலை இருந்தால் வால் இருக்காது. மேலும், முழு ஜூமில் இந்த லென்ஸ் ஐந்து மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைத்தான் ஃபோகஸ் செய்யும். திண்ணைக்கு மூன்று மீட்டர் தள்ளியுள்ள செம்பருத்திச் செடியில் தேன்சிட்டு வந்து அமர்ந்தால், ஜூமைக் குறைத்தால்தான் அது தெளிவாகும். ஆகவே தோட்டத்தில் உண்மையாகப் பயன்படுவது 600 மி.மீ. முதல் 1200 மி.மீ. வரையிலான பகுதிதான். அந்தப் பகுதியில் லென்ஸ் முழு ஜூமைவிடச் சற்றுக் கூடுதலான ஒளியை உள்ளே விடுவதோடு, கை நடுக்கமும் குறைவாகவே தெரிகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் 83 மடங்கு என்ற எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள், வீட்டுத் தோட்டத்தில் அதன் பாதியைத்தான் அன்றாடம் பயன்படுத்தப்போகிறோம் என்பதை அறிந்து வாங்குவது நல்லது.

அப்படியானால் இவ்வளவு நீளமான ஜூம் எதற்கு என்ற கேள்வி எழும். கூச்சமுள்ள ஒவ்வொரு பறவைக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வெளியே நாம் இருக்கும் வரையில் அது இலையைப் புரட்டும், இறகைக் கோதும், குளிக்கும், குஞ்சுக்கு இரை ஊட்டும். எல்லையைத் தொட்டதும் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும், தாண்டினால் பறந்துவிடும். இந்த எல்லை பறவைக்குப் பறவை மாறும். குண்டுக்கரிச்சான் மூன்று நான்கு மீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். வெண்புருவச் சின்னான் பத்து மீட்டர் தொலைவிலேயே வேலிக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து கொண்டு குடத்தில் நீர் குலுங்குவது போன்ற தன் குரலை மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். 300 மி.மீ. லென்ஸை வைத்திருப்பவர் அந்தச் சின்னானைப் பெரிதாகப் படம் எடுக்க விரும்பினால் எல்லைக்குள் போயே ஆகவேண்டும். பி950 கையில் இருந்தால் போக வேண்டியதில்லை. பறவை நம்மை அறிந்திருந்தும் தன் வேலையைத் தொடரும் தொலைவிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். இந்தக் கேமரா எனக்குத் தந்த மிகப் பெரிய நன்மை இதுதான். பயந்து விறைத்து நிற்கும் பறவையின் படத்துக்கும், நம்மைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் இருக்கும் பறவையின் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முறை பார்ப்பவர்கூட உணர்ந்துவிடுவார். விறைத்த பறவையின் இறகுகள் உடலோடு ஒட்டிக்கொண்டு, கழுத்து நீண்டு, கண் மட்டும் பெரிதாகத் தெரியும். அமைதியாக இருக்கும் பறவை பொதபொதவென்று உருண்டையாக இருக்கும்.

தொலைவில் இருந்து எடுப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியும் பறவை, ஜூமை நீட்டியதும் சட்டகத்தில் இருக்காது. இலைகளும் கிளைகளும் மட்டும் தெரியும். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது புரியாது. அதற்குள் பறவை போய்விடும். நீண்ட ஜூம் கேமராவைப் புதிதாக எடுத்த எவருக்கும் இந்தத் தவிப்பு நேரும். லென்ஸின் இடப்பக்கத்தில் இதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கி அகன்ற காட்சியைக் காட்டும். முன்பு இருந்த அளவு ஒரு சிறு சட்டமாகத் திரையில் நிற்கும். பறவையை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால், ஜூம் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். இடது கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டே கட்டைவிரலால் இதைச் செய்யலாம். கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும் மாம்பழச்சிட்டைப் பின்தொடர இந்தப் பொத்தான் இல்லாமல் முடியாது. கேமராவை வடிவமைத்தவர்களில் யாரோ ஒருவர் புதருக்குள் பறவையைத் தேடித் தவித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு என் நன்றி.

இந்தக் கேமரா எனக்குக் காட்டிக்கொடுத்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தையல்சிட்டு நம் ஊர்த் தோட்டங்களில் மிகச் சாதாரணமாக வாழும் பறவை. துருநிற உச்சியும், பச்சை முதுகும், நிமிர்த்திய வாலும் எல்லோருக்கும் தெரிந்தவை. உடலுக்குப் பொருந்தாத உரத்த குரல் அதற்கு. ஆனால் அது வாய் திறந்து கூவும் நேரத்தில் கழுத்தின் இரு பக்கமும் என்ன ஆகிறது என்பதை வெறும் கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லை. கருவேப்பிலை மரத்தின் நுனிக்கொம்பில் நின்று கூவிய ஒரு தையல்சிட்டைத் தொடர்ச்சியாக எடுத்த படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வாய் மூடியிருக்கும் படங்களில் தொண்டை வெள்ளையாக இருந்தது. வாய் திறந்த படங்களில், கழுத்து நீண்டு இறகுகள் விலகியதும், இரு பக்கமும் மைப் பொட்டு வைத்தாற்போல் கரும்பட்டைகள் தோன்றின. மறுபடி வாய் மூடியதும் அவை மறைந்துபோயின. பறவை நூல்களில் ஒரு வரியாகச் சொல்லப்பட்டிருக்கும் செய்திதான் இது. நம் கருவேப்பிலை மரத்தில், நம் கேமராவில், கூவலுக்குக் கூவல் அது தோன்றி மறைவதைப் பார்த்தபோது ஏற்பட்ட களிப்பை அந்த ஒரு வரி எனக்குத் தந்ததில்லை. அன்று முழுவதும் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அந்தப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். செம்மார்புக் குக்குறுவானின் அலகைச் சுற்றியுள்ள மீசை முடிகளும், பூவிலிருந்து அலகை எடுத்த நொடியில் தேன்சிட்டின் நாக்கு நூலிழை போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் இப்படியே எனக்குக் கிடைத்தவை. நல்ல வெயிலில், எட்டு மீட்டர் தொலைவுக்குள், இந்தக் கேமரா இறகின் நரம்பு வரை எண்ணத் தருகிறது.

நல்ல வெயிலில் என்ற சொற்களை அடிக்கோடிட்டு வாசிக்கவும். இந்தக் கேமராவின் குறையெல்லாம் நிழலில்தான் வெளிப்படுகிறது. கூச்சமுள்ள பறவைகள் விரும்புவதும் நிழலைத்தான். காரணம் எளிமையானது. இதிலுள்ள சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு, 1/2.3 அங்குல வகையைச் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ. முழுச்சட்டக் கேமரா எனப்படும் பெரிய சென்சார் கேமராவிலோ அது 864 சதுர மி.மீ. முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள இந்தச் சிறிய சென்சாரால்தான் 2000 மி.மீ.க்கு ஈடான லென்ஸை ஒரு கிலோவுக்குள் அடக்க முடிந்திருக்கிறது. அதே காரணத்தால்தான் ஒளி குறைந்ததும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறுகிறது. முழு ஜூமில் லென்ஸின் ஒளித்துளை எஃப் 6.5 மட்டுமே; இந்த எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும். ஆக, இருண்ட இடத்தில் ஒளியுணர் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இறகின் நுணுக்கம் கரையும். ஏற்றாவிட்டால் ஷட்டர் வேகம் குறைந்து, பறவையின் அசைவு மங்கலாகப் பதியும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு இதில் மிகச் சிறப்பாகவே இருக்கிறது. நிக்கான் அதை 5.5 படிகள் என்று குறிப்பிடுகிறது; ஒரு படி கூடினால் ஷட்டர் இருமடங்கு நேரம் திறந்திருந்தாலும் படம் கலங்காது. சுவரில் சாய்ந்துகொண்டு 1/60 வினாடியில்கூட நிலையான பொருளைத் தெளிவாக எடுக்க முடிகிறது. ஆனால் அது நம் கையின் அசைவைத்தான் சரிசெய்யும். பறவையின் அசைவுக்கு எந்தக் கேமராவிலும் அப்படியொரு மருந்து இல்லை.

இதை ஆறுமணிக்குருவியை வைத்து விளக்குவது எளிது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் இந்தப் பறவை, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. அக்டோபர் வாக்கில் நம் பக்கம் வந்து சேரும். வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே திரும்பிவிடும். விடியும் நேரத்திலும் அந்தி சாயும் நேரத்திலும் இரண்டு சீழ்க்கையொலிகளை அடுத்தடுத்து எழுப்பும். பகல் முழுவதும் புதரடியில் தத்தித் தத்திச் சென்று, சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடும். தலையில் கரும்பட்டைகள், வெண்மையான தொண்டை, பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று இத்தனை நிறங்களைச் சுமந்துகொண்டும் அது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் வியப்பு. அது நிற்கும் இடத்தில் ஒளி மிகக் குறைவு. காலை ஏழு மணிக்கு எலுமிச்சைப் புதரின் அடியில், முழு ஜூமில், ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் 1/60 வினாடி கிடைப்பதே அரிது.

ஆனால் அந்தப் பறவையின் பழக்கத்தைக் கவனித்தால் வழி பிறக்கிறது. ஆறுமணிக்குருவி தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு மூன்று தத்தல், பிறகு ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் வாலை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைக்கும், பிறகு அலகால் சருகை ஒதுக்கும். அந்த நிறுத்தத்தில் உடல் அசையாது. தத்தும்போது விரலை எடுத்துவிட்டு, நின்றதும் அழுத்தினால், குறைந்த வேகத்திலும் சில படங்கள் தெளிவாக வருகின்றன. ஜூமை 1000 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொண்டால், பத்து மீட்டர் தொலைவில் 35 செ.மீ. அகலக் காட்சி கிடைக்கும். 19 செ.மீ. நீளமுள்ள பறவை அதில் தாராளமாக அடங்குவதோடு, அது நிற்கும் சருகுத் தரையும் படத்தில் இடம்பெறும். செந்தலைப் பூங்குருவிக்கும் இதே முறை பொருந்தும். கொடிக்கால் வாலாட்டிக்கு இது பொருந்தாது. மற்ற வாலாட்டிகளைப் போல வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் உடலோடு சேர்த்து ஆட்டிக்கொண்டே நடக்கும் அந்தப் பறவையை, நிழலில் இந்தக் கேமராவால் எடுத்த நல்ல படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. பெரிய சென்சார் கேமராவும் விலையுயர்ந்த லென்ஸும் வைத்திருப்பவர்கள் அதே நிழலில் எடுக்கும் படங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமாகாது. அந்தச் சாதனங்களுக்கு இதைப் போலப் பல மடங்கு செலவாகும். தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் தெம்பு வேண்டும்.

தானியங்கி ஃபோகஸைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் பறவையை இது விரைவாகவே பிடிக்கிறது. வேலிக்குள் அமர்ந்திருக்கும் பறவையில்தான் தடுமாற்றம். பறவைக்கு முன்னால் ஒரு குச்சி குறுக்கே நின்றால் கேமரா குச்சியைத் தெளிவாக்கிப் பறவையை மங்கலாக்கிவிடும். ஃபோகஸ் பரப்பை மிகச் சிறிய புள்ளியாக மாற்றி, அதைப் பறவையின் கண்ணருகே வைத்துப் பார்க்கலாம். அதிலும் பிடிபடாவிட்டால் கைமுறை ஃபோகஸுக்கு மாறி, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். தெளிவான விளிம்புகளைத் திரையில் எடுத்துக்காட்டும் வசதி இருப்பதால், உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராத பறவைக்கு இது உதவுகிறது. பகலில் புன்னை மரப்பொந்தின் வாயில் அரைக்கண் மூடி அமர்ந்திருக்கும் புள்ளி ஆந்தைக்கு அவசரம் எதுவும் இல்லை. வளையத்தைப் பொறுமையாகத் திருப்ப அதுவே நல்ல பயிற்சி.

மோடு டயலில் பறவைகளுக்கென்று தனியே ஓர் இடம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் தயங்காமல் அதிலேயே தொடங்கலாம். வெயிலில் அது நன்றாகவே வேலை செய்கிறது. நிழலுக்கு வந்ததும் நான் ஷட்டர் வேகத்தை நானே தீர்மானிக்கும் நிலைக்கு மாறிவிடுகிறேன். சின்னான், குண்டுக்கரிச்சான் போன்றவற்றுக்கு 1/250, நின்று நின்று இரை தேடுபவற்றுக்கு 1/100, தேன்சிட்டுக்கு 1/500 என்பது என் வழக்கம். டிஜிட்டல் ஜூமை மெனுவில் முழுவதுமாக அணைத்துவிடுவது நல்லது. 83 மடங்குக்கும் மேலே போகலாம் என்று அது ஆசை காட்டும். கிடைப்பதோ ஏற்கெனவே உள்ள படத்தின் உருப்பெருக்கம் மட்டுமே. படங்களை ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தரவைச் சுருக்கித் திருத்தாமல் அப்படியே, சேமிக்கும் வசதி பி900இல் இல்லாதிருந்து பி950இல் சேர்க்கப்பட்டது. நிழலில் எடுத்த படங்களைக் கணினியில் சீராக்க இது பெரிதும் கைகொடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பழைய பி900 குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் நான் பி950ஐப் பரிந்துரைப்பேன். தொடர்படப் பிடிப்பில் வினாடிக்கு ஏழு படங்கள் வீதம் பத்துப் படங்கள் வரை எடுக்கும். அதன் பிறகு அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். பறவை குளிக்க இறங்கியதுமே விரலை அழுத்திவிடாமல், அது நீரில் முங்கிச் சிறகடிக்கத் தொடங்கும் வரை பொறுத்திருப்பது பயன் தரும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பி900இல் இருந்ததைவிடக் கூர்மையாக இருக்கிறது. வெளியே திருப்பி மடக்கக்கூடிய திரை, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுக்கும்போது மிகவும் பயன்படுகிறது. தரையில் இரை தேடும் பறவையை நின்றபடி மேலிருந்து எடுத்தால் அதன் முதுகுதான் கிடைக்கும். கேமராவை ஓர் அரிசிப் பையின் மேல் வைத்து, திரையை மேல்நோக்கித் திருப்பி, நாம் தாழ்வாக உட்கார்ந்து எடுத்தால் பறவையின் கண்மட்டத்தில் படம் அமையும். திரை தொடுதிரை இல்லை என்பது சிலருக்குக் குறையாகத் தெரியலாம். பேட்டரி ஒரு முறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 290 படங்கள் என்பது நிறுவனம் தரும் கணக்கு. உபரி பேட்டரி ஒன்று வாங்கிக்கொள்வது அவசியம். மழைநீரும் தூசியும் புகாத பாதுகாப்பு இதற்கு இல்லை. ஆகவே தூறலில் வெளியே எடுக்கக் கூடாது. ஷட்டர் ஓசையையும், ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரியும் சிறு விளக்கையும் வாங்கிய அன்றே மெனுவில் அணைத்துவிட வேண்டும். ஜூம் மோட்டாரின் மெல்லிய ஓசையை நிறுத்த முடியாது; பத்து மீட்டரில் அதைப் பறவைகள் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

கோடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல், சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அலையலையாக நெளியும். 2000 மி.மீ.யில் அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். படம் நீரடியில் எடுத்ததைப் போலக் குழையும். கேமராவைக் குறைசொல்லிப் பயனில்லை. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்குள் வேலையை முடித்துக்கொள்வதே சரி.

பறவைகளைத் தேடிச் செல்வதைவிட அவை வரும் இடத்தை ஏற்படுத்திக் காத்திருப்பதே இந்தக் கேமராவுக்கு ஏற்ற முறை. ஓர் அகன்ற மண்தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் நீர் ஊற்றி, புதருக்கு ஒரு தாவலில் எட்டும் தொலைவில், தரையிலேயே வைத்திருக்கிறேன். திண்ணையிலிருந்து அது ஏழு மீட்டர் தள்ளி, காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் இருக்கிறது. கொசு முட்டையிடாதபடி தினமும் நீரை மாற்றுகிறேன். ஒளி குறைந்த புதருக்குள் இருக்கும் பறவைகளை ஒளி உள்ள இடத்துக்குத் தாமாகவே வரவழைக்கும் வழி இது ஒன்றுதான். முதலில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிக்கும். அவை போன பிறகு, தரை அடங்கிய பிறகு, வெண்புருவச் சின்னான் வேலியின் கீழ்க்கிளையில் தோன்றும். இறங்கலாமா என்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கும். திரும்ப உள்ளே போகும். மறுபடி வரும். இறுதியில் இறங்கி, விளிம்பில் நின்று ஒரு மிடறு குடித்து, அலகை மேலே தூக்கும்போது மஞ்சள் படிந்த அடிவயிறும் கண்ணுக்கு மேலுள்ள வெண்கோடும் வெயிலில் தெளிவாகத் தெரியும். அதன் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஒரு படம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லி விளக்க முடியாது. எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நீளமான ஜூம் கையில் இருந்தும் சிலர் பறவையை அருகே இழுப்பதற்காகக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்கிறார்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, தன் இடத்தைக் காக்கப் பதறி ஓடிவரும் பறவை, இரை தேடவும் குஞ்சைக் காக்கவும் வேண்டிய நேரத்தை அதில் இழக்கிறது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கூட்டருகே போய்ப் படம் எடுப்பதும், காட்சி மறைக்கிறதென்று இலையை ஒதுக்குவதும் அதைவிட மோசம். ஒதுக்கிய இலைக்குப் பின்னால் இருந்த கூடு காகத்துக்கும் செம்போத்துக்கும் தெரிந்துவிடும். இந்தக் கேமராவில் உள்ள ஃபிளாஷும் பறவைகளுக்குத் தேவையில்லாத ஒன்று, மடக்கியபடியே இருக்கட்டும்.

எடுத்த படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பழுப்பு நிறத்தில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் கதிர்க்குருவிகளைப் படம் இல்லாமல் பிரித்தறிவது கடினம். புருவக்கோடு கண்ணைத் தாண்டி நீள்கிறதா, கால் என்ன நிறம் என்பதையெல்லாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடிகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. படத்தைக் கொடுத்தால் பொருத்தமான பெயர்களை முன்வைக்கும், குரலைக் கேட்டும் சொல்லும். அது சொல்வதை அப்படியே ஏற்காமல் ஒரு களக்கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு தளத்தில் நாம் கண்ட பறவைகளின் பட்டியலோடு படத்தையும் சேர்க்கலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். அந்தப் பட்டியலில் ஆறுமணிக்குருவி என்று எழுதும்போது, கூடவே ஒரு படத்தை இணைக்க முடிந்தால் அதற்கு வலு அதிகம். இரைச்சல் நிறைந்த, சற்று மங்கலான படமாக இருந்தாலும் அடையாளத்துக்கு அது போதும்.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்டால், வீட்டுத் தோட்டத்திலும் பக்கத்துக் குளக்கரையிலும் பறவைகளைக் கண்டு அடையாளம் அறிந்து மகிழ விரும்புபவர்களுக்கும், கனமான சாதனங்களைச் சுமக்க இயலாத முதியவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். பறக்கும் பறவைகளை எடுப்பதே குறிக்கோள் என்பவர்களும், படங்களைச் சுவரளவுக்கு அச்சிட நினைப்பவர்களும், அடர்ந்த சோலைக்காட்டுப் பறவைகளைத் தேடிப் போகிறவர்களும் வேறு கேமராவைப் பார்க்க வேண்டும். விலை கடைக்குக் கடையும் மாதத்துக்கு மாதமும் மாறுவதால் இங்கே எழுதவில்லை. பயன்படுத்திய கேமராவை வாங்குபவர்கள், ஜூமை முழுதாக நீட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். புதிதோ பழையதோ, வாங்குவதானால் ஆவணிக்குள் வாங்கிவிடுங்கள். வலசைப் பறவைகள் அக்டோபரில் வந்து இறங்குவதற்கு முன், ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கும் தையல்சிட்டையும் சின்னானையும் வைத்து அந்த இடப்பக்கப் பொத்தானுக்குக் கட்டைவிரல் பழகிவிட வேண்டும்.